பொம்மை வீட்டில் ஊற்றாத தேத்தண்ணி

பிள்ளைகளே, பள்ளிக்கூடத்தில் யாரோ, "ஒங்கப்பாவ ஹோட்டல்லருந்து வெரட்டிட்டாங்களாமே, வெள்ளைக்காரங்ககிட்ட கோள் சொன்னாராமே" என்று கேட்டதாகச் சின்னவள் வந்து அழுதாள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வாயால் சொல்லப் போனால் எனக்குக் கோபம் முந்திக்கொள்கிறது, பாதியிலேயே சத்தம் போடத் தொடங்கிவிடுகிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. எழுத்தில் பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும். நடந்ததில் பிழை இல்லை.

முதலாவது, வந்தவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை. உஸ்பெகிஸ்தான் நாட்டுக்காரர்கள். இரண்டாவது, நான் கோள் சொல்லவில்லை. அவர்கள் நம் வீட்டுக்கு வந்த அன்று நீங்களும் இருந்தீர்கள். ஆனால் நீங்கள் பார்த்தது பாதிதான்.

தோட்டத்துக் கம்பனி பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கியதிலிருந்து அதன் கேட்டுக்குப் பக்கத்தில் என் த்ரீவீலரை நிறுத்த இடம் கொடுத்திருந்தார்கள். வருகிற ஆட்களை அருவிக்கும், தேயிலை பெக்டரிக்கும், தெரணியகலை டவுனுக்கும் கொண்டுபோய்க் கொண்டுவருவது என் வேலை. அப்படித்தான் அந்த மூவரும் எனக்குப் பழக்கமானார்கள்.

ஒருவர் பெரிய வயிற்றுக்காரர். கறுப்புத் துணியில் வெள்ளைப் பூ தைத்த நாலு மூலைத் தொப்பி எப்போதும் தலையில் இருக்கும். தாஷ்கண்ட் நகரத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறார், அதற்கு அங்கே சாய்கானா என்று பெயர். இத்தனை வருஷம் விற்கிற சாமான் எந்த மண்ணில் முளைக்கிறது என்று பார்க்க வந்தேன் என்றார். அடுத்தது அவருடைய மகள், காலேஜில் இங்கிலீஷ் படிக்கிறவள். அவளுக்கும் அரைகுறை இங்கிலீஷ், எனக்கும் அரைகுறை. ஆனால் மற்றவர்கள் பேசியதையெல்லாம் எங்கள் இரண்டு பேருடைய இங்கிலீஷ் வழியாகத்தான் நான் தெரிந்துகொண்டேன். மூன்றாவது ஆள் அவர்கள் பக்கத்து வீட்டு அம்மா. வயது அறுபது இருக்கும். சாய்கானாவுக்கு அடுத்த கடையில் காரட்டை நூல் மாதிரி சீவி, மிளகாய்த்தூளும் பூண்டும் போட்டு விற்கிறவர். கொரியாக்காரர்களின் முகம்.

பிரச்சினை அந்த முகத்தில்தான் தொடங்கியது.

ஹோட்டலில் சாப்பாடு பரிமாறும் தம்பி ஒருவன் கொரியாவுக்கு வேலைக்குப் போவதற்காக அந்தப் பாஷைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். அந்த அம்மாவைக் கண்டதும் குனிந்து கும்பிட்டுக் கொரியப் பாஷையில் நீளமாக என்னவோ சொன்னான். அந்த அம்மா சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார், ஒன்றும் விளங்கவில்லை என்று. அவன் என்னிடம் திரும்பி, "ஐயே, மேயா கொரியன் நேத?" என்றான். அண்ணே, இவங்க கொரியாதானே என்று. அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன், பாவம், ராத்திரி பகலாகப் படித்ததைப் பேசிப் பார்க்க ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம் அவனுக்கு.

ஆனால் மெனேஜர் விடவில்லை. பாஸ்போர்ட்டையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"பாஸ்போர்ட் சரி மேடம். ஒரிஜினலா எந்த ஊர்?"

"தாஷ்கண்ட்."

"அது இல்ல மேடம். ஒரிஜினலா?"

மகள் மொழிபெயர்த்ததும் அந்த அம்மா கொஞ்சமும் யோசிக்காமல் பதில் சொன்னார். "ஒரிஜினலா எங்கம்மா வயித்துலருந்து!"

நான் வெளியே நின்று சத்தமாகச் சிரித்துவிட்டேன். மெனேஜர் என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. சிரிப்பு அடங்கியதும் எனக்கு நெஞ்சு எரிந்தது. இந்தக் கேள்வி நமக்குப் புதிதா? எந்த ஒபிசுக்குப் போனாலும், எந்தச் செக்பொயின்டில் நின்றாலும், "கொஹேத?" என்று கேட்பார்கள், எந்த ஊர் என்று. தெரணியகலை என்றால் போதாது. "ஏக்க நெவெய், முலின்ம கொஹேத?" அது இல்லை, முதல்ல எந்த ஊர்? என் அப்பா பிறந்தது இங்கே, அவருடைய அப்பா பிறந்தது இங்கே. இவர்களுக்கு எத்தனை தலைமுறை முதுகைக் கிழித்துக் காட்டினால் அது முதலாகும்?

அடுத்த நாள் மெனேஜர் அவர்களை அந்தப் 'பொம்மை வீட்டுக்கு'க் கூட்டிக்கொண்டு போனார். நீங்கள் அதைப் பார்த்ததில்லை. ஹோட்டல் தோட்டத்தின் மூலையில், நாம் இருக்கிற லயத்துக் காம்பரா மாதிரி ஒன்று கட்டி வைத்திருக்கிறார்கள். வெள்ளைச் சுண்ணாம்பு, சிவப்புப் பெயின்ட் அடித்த புதுத் தகரம், மண்ணடுப்பு, மண்பானை, சுவரில் தொங்கும் கொழுந்துக் கூடை. கூடையில் ஒரு கறைகூட இல்லை. நம்ம லயத்திலிருந்து ஒரு அக்காவைச் சம்பளத்துக்கு எடுத்து, புதுச்சேலை கட்டி, வாசலில் உட்கார வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ பிடிப்பார்கள்.

மெனேஜர் இங்கிலீஷில் விளக்கம் கொடுத்தார். "இவர்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். மிகவும் எளிமையான ஜனங்கள். எப்போதும் சந்தோஷமாக இருப்பார்கள்."

நான் படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நான் அங்கே நிற்பது அவருக்குத் தெரியும். ஒரு நாற்காலியைப் பற்றிப் பேசுகிறவர்கூட அந்த நாற்காலியைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்பார்.

சாய்கானாக்காரர் வீட்டுக்குள்ளே போய் சுற்றிப் பார்த்தார். வெளியே வந்து மகளிடம் என்னவோ கேட்டார். மகள் மெனேஜரிடம், "பிள்ளைகள் எங்கே படுப்பார்கள் என்று அப்பா கேட்கிறார். ஒரு துணிகூடக் காயவில்லையே என்கிறார்" என்றாள். மெனேஜர், "இது மொடல்" என்றார். அந்த வார்த்தை அவர்களுக்கு விளங்கிவிட்டது. மனிதர் முகம் சுருங்கிப்போனது.

திரும்பி வரும்போது வண்டியில் வைத்து அவர் என்னைக் கேட்டார். உனக்கு வீடு இருக்கிறதா, அங்கே தேத்தண்ணி கிடைக்குமா?

இருக்கு, கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை வாங்க என்றேன். வேறென்ன சொல்வேன்?

சாயந்தரத்துக்குள் செய்தி மெனேஜர் காதுக்குப் போய்விட்டது. என்னைக் கூப்பிட்டார். அவர் சிங்களத்தில் சொன்னதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"லயத்துக்கு கெஸ்ட்மாரக் கூட்டிட்டுப் போக ஏலாது. அங்க சாக்கடைக் கானும் நாத்தமும். ஹோட்டல் பேர் கெட்டுப்போகும்."

"அவங்கதான் சார் கேட்டாங்க."

"கேட்டா என்ன? ஒன்ட பொம்பளய இங்க வரச் சொல்லு. அந்த வீட்டுல வச்சி தேத்தண்ணி ஊத்தட்டும். இதுதான் எங்க வீடுன்னு நீ சொல்லு. வேல முடிஞ்சிது."

"அது எங்க வீடு இல்லையே சார்."

"அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "லயத்துக்குப் போனியோ, ஒன்ட வண்டி பிறகு இந்தக் கேட்டுக்குள்ள வரத் தேவையில்ல."

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். ஒளிக்காமல் எழுதுகிறேன், எனக்குத் தயக்கம் இருந்தது. வண்டிக்கு லீசிங் கட்ட வேண்டும், உங்கள் டியூஷன் இருக்கிறது. ஒரு மணித்தியாலம் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வந்தால் என்ன என்று வாய் வரைக்கும் வந்தது. உங்கள் அம்மா கொழுந்துக் கறை போகத் தேங்காய் நாரால் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

"என்னங்க, நம்ம கூரைக்குத் தகரம் கேட்டு எத்தன தடவ தோட்டத்து ஒபிசுக்கு நடந்திருப்போம்?"

"நடந்தோம்."

"இல்ல இல்லன்னு சொன்ன தகரம்தான் அங்க செவப்பா பெயின்ட் அடிச்சி நிக்குது. அதுக்குக் கீழ ஒக்காந்து, இது எங்க வீடு சாமின்னு நான் சிரிக்கணுமா? போங்க. அவங்க இங்க வரட்டும். வண்டியக் கேட்டுல விடாட்டி டவுன்ல விடுங்க."

அதோடு பேச்சு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கடைசித் தொங்கல் வீட்டு மதினி நாற்காலி கொடுத்தார், பெரியவள் மேசைக்கு விரிப்பு போட்டாள், லயமே வாசலில் நின்று பார்த்தது. சாய்கானாக்காரர் நெஞ்சில் கையை வைத்து எல்லோருக்கும் தலை குனிந்தார். தொப்பி மட்டும் விழவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். உங்கள் அம்மா பால் தேத்தண்ணியை நுரை எழும்ப ஆற்றி, மூவருக்கும் கிளாஸ் விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்தார். கொஞ்சம் ததும்பித் தட்டிலும் சிந்தியது.

சாய்கானாக்காரர் கிளாசைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. சூடான தேத்தண்ணியை நாலு மடக்கில் குடித்துவிட்டு எழுந்து, "ரஹ்மத், ரஹ்மத்" என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். நன்றி, நன்றி என்று அர்த்தம். மகளும் பின்னாலேயே எழுந்துவிட்டாள். அடுப்பில் ரொட்டி வேகிறது, அம்மியில் கட்டச் சம்பல் அரைத்தபடி இருக்கிறது, வந்தவர்கள் போகிறார்கள்!

வெளியே நின்ற மதினி சும்மா இருக்கவில்லை. "இதுக்குத்தானா இம்புட்டு ஆர்ப்பாட்டம்? ஒக்காந்த சூடுகூட ஆறல. லயத்து வீட்டுல கை நனைக்க யாருக்குத்தான் மனசு வரும்?"

உங்கள் அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். நம் வீட்டில் தண்ணீர் குடிக்காமல் போனவர்கள் எத்தனை பேர்? வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போகிற கிளாக்கர்மார், கிளாசைத் தொட்டுவிட்டு அப்படியே வைத்துவிட்டுப் போகிறவர்கள். அந்தக் கணக்கில் இவர்களும் சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். இந்த ஆட்களுக்காகவா என் பிழைப்பை விட்டேன் என்று கோபம் தலைக்கு ஏறியது. வாசலை மறித்து நின்று, அரைகுறை இங்கிலீஷில் மகளிடம் கேட்டேவிட்டேன்.

"எங்க வீடு சுத்தமில்லையா? ஏன் ஓடுறீங்க?"

அந்தப் பெண் திகைத்துப்போனாள். "நீங்கள்தானே போகச் சொன்னீர்கள்?"

"யாரு? நானா?"

"அம்மா. கோப்பையை நிறைய ஊற்றினார்களே."

அப்போது உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம். காரட் கடை அம்மா எழும்பவே இல்லை. இருந்த இடத்தில் இருந்து கிளாசை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். பிறகுதான் விஷயம் விளங்கியது. அவர்கள் ஊரில் விருந்தாளிக்குக் கோப்பையில் அரைவாசிக்கும் குறைவாகத்தான் ஊற்றுவார்களாம். குறைய ஊற்றினால் திரும்பத் திரும்ப ஊற்றலாம், விருந்தாளி பக்கத்திலேயே இருக்கலாம், அதுதான் மரியாதை. நிறைய ஊற்றிக் கொடுத்தால், குடித்துவிட்டுப் புறப்படு என்று அர்த்தம்.

இதை நான் சொன்னதும் உங்கள் அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "அட ஆண்டவனே! இங்க அரைக் கிளாஸ் ஊத்திக் குடுத்தா சம்பந்தி சண்டையே வரும்னு சொல்லுங்க!"

காரட் கடை அம்மா சாய்கானாக்காரரைக் கையால் இழுத்து உட்கார வைத்துத் திட்டினார். மகள் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னாள். "தன் பக்கத்து வீட்டிலே இத்தனை வருஷம் இருந்தும், எல்லார் வீட்டிலும் உஸ்பெக் வீட்டுச் சட்டம்தான் என்று அப்பா நினைக்கிறார், என்று அத்தை திட்டுகிறார்."

அதன் பிறகு வீடு வீடாகியது. தேங்காய் ரொட்டியை வைத்ததும் அந்த மனிதர் அதைத் தூக்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அவர்கள் ரொட்டியைக் கவிழ்த்து வைக்க மாட்டார்களாம், அது அவமதிப்பு. நம்ம ரொட்டிக்கு எது முகம், எது முதுகு என்று தெரியாமல் முழித்தார். "ரெண்டு பக்கமும் மொகந்தான், சாப்புடச் சொல்லுங்க" என்றார் உங்கள் அம்மா. கட்டச் சம்பல் பட்டதும் மனிதருக்குக் காது சிவந்துவிட்டது. காரட் கடை அம்மா மட்டும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.

சாய்கானாக்காரரிடம் அவர் கடையைப் பற்றி நான் கேட்டேன். சாய்கானாவில் யார் யாரெல்லாம் வந்து உட்காருவார்கள் என்று விரல் மடக்கினார். உஸ்பெக், தாஜிக், கசாக், தாத்தார், ரஷ்யர், வற்றிப்போன கடல் பக்கத்திலிருந்து வரும் கரகல்பாக். தன் வீட்டுக்காரி சமர்கந்துக்காரி என்றார். மகள் இடையில் புகுந்து, "அம்மா தாஜிக்கில் திட்டுவாள், அப்பா உஸ்பெக்கில் திட்டுவார், பக்கத்து வீட்டு அத்தை ரஷ்யனில் திட்டுவார்" என்றாள். தாஜிக் பேசுகிற தன் அம்மாவின் பாஸ்போர்ட்டில் உஸ்பெக் என்றுதான் இருக்கிறதாம்.

காரட் கடை அம்மாவின் கதை வேறு. அவருடைய ஆட்கள் கொரியாவிலிருந்து போய் ரஷ்யாவின் கிழக்குக் கரையில் குடியிருந்தவர்கள். அந்தக் காலத்து அரசாங்கம், இவர்களை நம்ப முடியாது என்று சொல்லி, ஊர் ஊராகச் சாமான் ஏற்றும் ரயிலில் அடைத்து, கண்காணாத தூரத்தில் புல்வெளியில் கொண்டுவந்து தள்ளியது. அவருடைய அப்பா அப்போது கைக்குழந்தை. வழியில் செத்தவர்களைத் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே புதைத்தார்களாம். வந்த இடத்தில் ஊறுகாய் போட அவர்களுடைய முட்டைக்கோவா கிடைக்கவில்லை, அதனால்தான் காரட்டில் போடத் தொடங்கினார்களாம்.

சாய்கானாக்காரர் உடனே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "எங்க ஜனங்கதான் இவங்களுக்கு வீட்டுக் கதவத் தெறந்து விட்டாங்க. ரொட்டியப் பிச்சிக் குடுத்தாங்க."

அந்த அம்மா கிளாசை மேசையில் வைத்தார். கொஞ்சம் பலமாகவே வைத்தார். அவர் ரஷ்யனில் பேசியதை மகள் தயங்கித் தயங்கித்தான் எனக்குச் சொன்னாள்.

"குடுத்தீங்க. உண்மைதான். எங்கப்பா சாகும்வரைக்கும் நன்றி சொன்னார். நானும் சொல்றேன். ஒவ்வொரு விருந்தாளி முன்னாலயும் நீங்க அதச் சொல்றீங்க, ஒவ்வொரு தடவையும் நான் தலைய ஆட்டுறேன். எத்தன தடவ ஆட்டினா நான் அந்த ஊர்க்காரி ஆவேன்? பஜார்ல ஒருத்தன் கோபம் வந்தா, ஒன்னோட கொரியாவுக்குப் போன்னு சொல்றான். கொரியாவுல இருந்து வர்றவன், நீ சரியான கொரியாக்காரி இல்லன்னு சொல்றான்."

இந்தியாவுக்குக் கோயில் பார்க்கப் போனபோது, "சிலோன்காரங்க பேசுறதே வேற" என்று அங்கே உள்ளவர்கள் நம்மைப் பார்த்துச் சிரித்தது எனக்கு நினைவு வந்தது.

அந்த நேரம் மழை கொட்டத் தொடங்கியது. கூரை எந்த இடத்தில் ஒழுகும் என்று தெரிந்ததால் நீங்கள் இரண்டு பேரும் யாரும் சொல்லாமலே பேசினையும் வாளியையும் கொண்டுவந்து வைத்தீர்கள். சாய்கானாக்காரர் அண்ணாந்து பார்த்தார். கூரையின் துருவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"அங்க இருக்கே சிவப்புக் கூரை வீடு, அது யாரோடது?"

இதுதான் நான் சொன்ன கோள். "யாரோடதும் இல்ல. ஒங்களுக்காகக் கட்டினது." இவ்வளவுதான் சொன்னேன். ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

மறுநாள் காலை நான் வண்டியோடு கேட்டுக்குப் போனேன். அவர்களை அவிசாவளை பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். காவலுக்கு நிற்கும் அய்யா என்னைக் கண்டதும் தலையைச் சொறிந்தார். அவர் நல்ல மனிதர், நம்ம தீபாவளிக்கு வந்து பலகாரம் சாப்பிட்டுப் போகிறவர். "மல்லி, அதுலட்ட என்ன எபா கிவ்வா" என்றார். தம்பி, உள்ளே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கு என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான் ரோட்டில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் மூவரும் தாங்களே பெட்டியை இழுத்துக்கொண்டு சரளைக் கல் பாதையில் வந்தார்கள். பின்னாலேயே மெனேஜர். வேன் ஏற்பாடு செய்திருக்கிறது, த்ரீவீலர் பாதுகாப்பில்லை என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தார். சாய்கானாக்காரர் அவருக்கும் நெஞ்சில் கையை வைத்துத் தலை குனிந்துவிட்டு, என் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். வண்டியே ஒரு பக்கம் சாய்ந்தது.

மெனேஜருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிங்களத்தில் கத்தினார். "நாங்க போட்ட சோத்தத் தின்னு வளந்திட்டு, எங்களுக்கே வேல காட்டுறியா? நன்றி கெட்டவன்!"

சோறா? எந்தச் சோறு? நான் ஓட்டினேன், கூலி வாங்கினேன். அதிலும் ஹோட்டலுக்குப் பங்கு கொடுத்தேன். உங்கள் அம்மா பறித்த கொழுந்தில் காய்ச்சிய தேத்தண்ணியைத்தான் அவர் ஒவ்வொரு நாளும் காலையில் குடிக்கிறார். அவர் கையில் நான் என்ன வாங்கித் தின்றேன்? இதையெல்லாம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கோபத்தில் வண்டியைத்தான் ஸ்டார்ட் பண்ணினேன்.

வண்டி வளைவு தாண்டியதும் காரட் கடை அம்மா என்னவோ சொன்னார். மகள் முன்னால் குனிந்து சொன்னாள். "மெனேஜர் பேசிய பாஷை அத்தைக்குத் தெரியாது. ஆனால் நன்றி இல்லாதவன் என்றுதானே சொன்னார், என்று அத்தை கேட்கிறார்."

ஆமாம் என்றேன்.

அவிசாவளையில் பஸ் வந்ததும் சாய்கானாக்காரர் இறங்கி, அந்த அம்மாவின் பெட்டியைத் தானே தூக்கி உள்ளே வைத்தார். அவர் வேண்டாம் வேண்டாம் என்று சத்தம் போட்டும் கேட்கவில்லை.

அதிலிருந்து நான் டவுன் ஸ்டாண்டில் நிற்கிறேன். அங்கே வரிசை நீளம், ஹயர் குறைவு. உங்களுக்குத் தெரியும். பொம்மை வீட்டில் உட்காருகிற அக்காவை லயத்தில் சிலர் கேலி பண்ணுகிறார்கள், நீங்கள் அதில் சேர வேண்டாம். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கேட்க வேண்டியது அதைக் கட்டியவர்களை.

போன வாரம் காவல்கார அய்யா டவுனில் என்னைக் கண்டு ஒரு செய்தி சொன்னார். மெனேஜர் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறாராம். நான் போய், கெஸ்ட்மார் கட்டாயப்படுத்தியதால்தான் லயத்துக்குக் கூட்டிப் போனேன், பிழைதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் பழைய இடத்தையே தருவாராம்.

வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவர் இந்த முறை தலையை நிமிர்த்தினார்.

"பிழையா? எது பிழை? நம்ம வீட்டுக்கு ஆளக் கூப்புட்டதா? அவருக்குப் பேசணும்னா இங்க வரச் சொல்லுங்க. உள்ள வந்து, ஒக்காந்து, நான் ஊத்துற தேத்தண்ணியக் குடிச்சிட்டு, பெறகு சொல்லட்டும் எது பிழைன்னு."

நான் அதை ஒரு சொல்லும் மாற்றாமல் அய்யாவிடம் சொல்லி அனுப்பினேன். மெனேஜர் இன்னும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் மறுபடியும் யாராவது கேட்டால், எங்கப்பாவை யாரும் விரட்டவில்லை, வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார் என்று சொல்லுங்கள்.